ஆணியில் இல்லாத டோக்கன்

எனக்கு உட்காரத் தெரியாது. நடக்கத் தெரியும், நிற்கத் தெரியும், படுத்தால் புரளத் தெரியும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று இருக்கிற வித்தை மட்டும் ஐம்பது வயது தாண்டியும் கைவரவில்லை. ஞாயிறு ஆராதனையில் நான் எத்தனை தடவை எழுந்து வெளியே போய்வருகிறேன் என்பதை வைத்துத்தான் எங்கள் பின்வரிசைக்காரர்கள் பிரசங்கத்தை அளப்பார்கள். 'இன்னிக்கி மூணு தண்ணி' என்றால், நான் தண்ணீர் குடிக்க மூன்று தடவை போயிருக்கிறேன், பிரசங்கம் அவ்வளவு நீளம் என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவனின் மனைவிக்குத்தான் போன வருடம் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள்.

அவள் அதை எடுத்துக்கொண்ட விதமே வேறு. பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்களுடையது தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. முன்னறை, பின்னறை, அவ்வளவுதான். கவலையோடு நடக்கலாம் என்று கிளம்பினால் கிளம்பிய உடனே சுவர் வந்துவிடும். நான் சுவருக்கும் சுவருக்கும் போய்வந்துகொண்டிருக்க, அவள் கட்டிலில் உட்கார்ந்து, சபை ஆண்டு விழாவுக்குத் திட்டம் போடுகிற மாதிரி, யார் சமைப்பது, தன் ஞாயிறு பள்ளி வகுப்பை யாரிடம் விடுவது, எந்தச் சேலையை எடுத்துப்போவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்துகொண்டிருந்தாள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, திறந்து பார்த்தால்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும் என்றார். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார். பயம் வந்தால் என் நாக்கு என்னைக் கேட்காமல் தனியாகக் கிளம்பிவிடும். எப்படியும் திறக்கத்தானே போகிறீர்கள், கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தொலைந்த என் வண்டிச் சாவி உள்ளே கிடக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. நர்ஸ் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் ஜோக்குகளுக்குச் சிரித்துப் பழகிப்போன என் மனைவியும் சிரிக்கவில்லை. வெளியே வராந்தாவில் நான் நடந்த நடையைப் பார்த்து செக்யூரிட்டிக்காரர் இரண்டு தடவை யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

திரும்பும்போது ரயிலில், பங்காரப்பேட்டை தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆபரேசன் அன்னிக்கி நீங்க வராதீங்க. பாப்பா கூட இருப்பா. உங்களையும் சேத்து என்னால பாத்துக்க முடியாது."

பாப்பா எங்கள் மகள். பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்; உட்காருகிற விஷயத்தில் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். சரி என்று எழுந்து, அந்தப் பெட்டியின் கடைசி வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

எங்கள் சபையில் ஒருவருக்கு நோய் என்றால் அது ஜெபத்தில்தான் செய்தியாக வரும். அந்த வாரக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, எலுமிச்சம்பழம் அளவா சாத்துக்குடி அளவா என்பதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியாமல் போய்விடக்கூடாது என்பதுபோல் விவரமாக எடுத்துச் சொல்லி ஜெபித்தார். என் மனைவி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்துப் பெண்கள் முதுகைத் தடவினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் என் ஜோக்குக்குச் சிரிக்காதவள்.

அந்தக் கூட்டத்தில்தான் ஆபரேஷன் நாளன்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சங்கிலி ஜெபம் வைப்பதென்று முடிவானது. சங்கிலி ஜெபம் எல்லாச் சபையிலும் உண்டு. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடர்வார். எங்கள் ஊரில் மட்டும் அதற்கு ஒரு டோக்கன் உண்டு.

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், அண்டர்கிரவுண்டுக்கு இறங்குகிறவர் எண் பொறித்த பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, கீழே இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் ஏறுவார். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான். ஆள் கீழே இருந்தால் தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் மேலே இருப்பவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. அப்படித்தான் எங்கள் வீடுகளில் சொல்வார்கள். சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்த டோக்கன்களில் ஒன்று மட்டும் எப்படியோ எங்கள் கோயிலின் சின்ன ஜெப அறைக்கு வெளியே, ஒரு ஆணியில், வந்து சேர்ந்தது. எண் தேய்ந்துவிட்டது. சங்கிலி ஜெபத்துக்கு முதலில் வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். அடுத்து வருகிறவர் ரிலீவர். அவர் கையில் டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு டோக்கன் ஆணிக்குப் போகும். செருப்பை வாசலில் விடவேண்டும், போனை வாசல் மேஜையில் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் போடவேண்டும், கதவு சாத்தியிருந்தால் தட்டக்கூடாது.

இதற்கெல்லாம் பொறுப்பு, சுரங்கத்தில் ஷிப்ட் நடத்தி ரிட்டையர் ஆன ஒரு பெரியவர். ஷிப்ட் பாஸ் என்றுதான் சபை முழுவதும் அவரைக் கூப்பிடும். மனைவி ஆபரேஷன் அறைக்குள் போகிற நேரத்தை எனக்கென்று ஒதுக்கினார். அன்பாகத்தான் செய்தார். என்னை அவ்வளவு நாளாகத் தெரிந்தும் அப்படிச் செய்தார் என்பதுதான் ஆச்சரியம்.

அன்று காலை எனக்கு முன் இருந்தவர் டோக்கனை என் உள்ளங்கையில் வைத்து, தோளை அழுத்திவிட்டுப் போனார். கதவைச் சாத்தினேன். முழங்காலில் நின்றேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிறீச்சிட்டது. ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு வரவேண்டியது எதுவும் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவரிடமும் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன்: என் பேச்சைக் கேட்டு எனக்கு ஒன்றும் செய்யவேண்டாம், அவள் பேச்சைக் கேட்டு அவளுக்குச் செய்யும், சபையில் அவளுக்குத்தான் நல்ல பேர் என்றேன். டாக்டரைப் போலவே அவரும் சிரிக்கவில்லை.

அந்த அறையில் வேறு வேலை எதுவும் இல்லை. சரிசெய்ய ஒரு குழாய் இல்லை, தேட ஒரு சாவி இல்லை. அதனால்தான் அதுவரைக்கும் நான் நடந்து நடந்து தள்ளிப்போட்டிருந்த ஒன்று வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அவள் செத்துப்போனால்? இந்தச் சொல்லை நான் மனதுக்குள்கூட அதுவரை சொன்னதில்லை. டோக்கனைச் சட்டைப்பையில் போட்டேன். ஒரு நிமிடம் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று எழுந்தேன். அந்த அறைக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்துகொண்டு போனேன்.

சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில், என்னோடு விழித்திருங்கள் என்று ஆண்டவர் கேட்டுக்கொண்ட சீடர்கள் தூங்கித்தான் போனார்கள். நான் நடந்தே போய்விட்டேன்.

சுரங்கத்துக்குள் இறங்குகிற பழைய ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்தைத் தாண்டும்போதுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சரளைக்கல் குத்தியது. திரும்பிப் போகவேண்டும் என்று தோன்றியதே தவிர கால் திரும்பவில்லை. வருடக்கணக்காக விடியற்காலையில் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய்வந்த கால்கள். அவற்றுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாம்பியன் ஸ்டேஷனில் போய் நின்றேன். காலை ரயில்கள் ஊரையே அள்ளிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டன. திரும்பக் கொண்டுவந்து கொட்ட சாயங்காலம் ஆகும். பிளாட்பாரத்தில் நானும் சில ஆடுகளும்தான். பெங்களூர் பக்கம் ஒரு முனை, மாரிக்குப்பம் பக்கம் ஒரு முனை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். இடையில் சுவர் இல்லாததால் நன்றாக நடக்க முடிந்தது. ஆடுகள் முதலில் ஒதுங்கின, பிறகு அவையும் பழகிக்கொண்டன.

கோயிலில் நடந்ததை எனக்குப் பிறகு பலபேர் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துப்போகிற பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

என் ரிலீவர் பெண்கள் சங்கத்தின் தலைவியம்மா. கனத்த உடம்பு, கணீர் குரல், சபையில் போதகரிடம்கூட யாருக்கும் பயம் கிடையாது, இந்த அம்மாவிடம் உண்டு. அவர் வந்து பார்த்தார். ஆணி காலி, கதவு சாத்தியிருக்கிறது, வாசலில் என் செருப்பு. ஆள் உள்ளே ஜெபத்தில் இருக்கிறான் என்று வெளி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய நேரமும் போய், அவருக்கு அடுத்தவர் வந்தார். அவரும் ஆணியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கும் அடுத்தவர் வந்தார். பெஞ்சு நிறைந்தது. பின்வரிசையில் தண்ணீர் குடிக்கப் போகிறவன் இவ்வளவு நேரம் முழங்காலில் நிற்கிறானே என்று அவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்களாம். ஒரு அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம். எனக்குப் பக்திமான் என்ற பெயர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிடைத்தது. அந்த நேரத்தில் நான் ஆடுகளோடு இருந்தேன்.

அப்போது பிஸ்கட் டப்பாவுக்குள் என் போன் அடித்தது. தலைவியம்மா எடுத்தார். என் மகள். திறந்து பார்த்ததில் நினைத்ததைவிட அதிகமாக இருக்கிறதாம், இன்னும் நேரமாகுமாம், அப்பாவிடம் கொடுங்கள் என்றாள். அவர் கதவைத் திறந்தார். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது.

"அப்பா ஜெபத்துல கீறாரும்மா, நாங்க சொல்றோம்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். கோயிலுக்குள்ளேயே நின்று சொன்ன பொய். அதற்காக அவர் பிறகு ஒரு நாள் உபவாசம் இருந்தார். அந்தக் கணக்கை இன்றுவரை என் பேரில்தான் வைத்திருக்கிறார்.

செருப்பு இருக்கிறது, போன் இருக்கிறது. ஆளும் டோக்கனும் இல்லை. வேறு ஊராக இருந்தால், டீ குடிக்கப் போயிருப்பான் என்று விட்டிருப்பார்கள். எங்கள் போதகர் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர், வந்து அதிக நாளாகவில்லை. அவர் சமாதானமாக, அங்கிள் வந்துவிடுவார், அதுவரைக்கும் வேறு எதையாவது டோக்கனாக வைத்துத் தொடரலாமே என்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷிப்ட் பாஸ்தான் பதில் சொன்னார்.

"ஆளு இன்னும் மேல வர்ல, பாஸ்டர்."

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் விளக்கவில்லை. ஆட்களைப் பிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள், அவர்கள் போனில் கூப்பிட்டதும் வந்தவர்கள், கோயிலுக்கு எதிர்ப்புறம் கடை வைத்திருப்பவர். இரண்டுபேர் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுக்கு, இரண்டுபேர் ஸ்கெலட்டன் என்கிற இடத்தில் வேலி போட்ட பழைய ஷாஃப்டுக்கு. மனம் வெறுத்தவர்கள் போகிற அந்த இடங்கள் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதைக் கேள்விப்பட்டபோது மட்டும் எனக்குச் சிரிக்க வரவில்லை.

கண்டுபிடித்தது என் பக்கத்து வீட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர், எங்கள் கோயிலுக்குள் கல்யாணச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்திருக்கிறார். ஆணி காலி என்ற ஒரு வார்த்தைக்கு சவாரியை இறக்கிவிட்டுவிட்டு வந்தாராம். அவருடைய அப்பாவும் கேஜில் இறங்கியவர்தான். அண்ணன் கால் ஸ்டேஷனைத் தவிர வேறு எங்கும் போகாது என்று அடித்துச் சொல்லி, ஷிப்ட் பாஸையும் தலைவியம்மாவையும் போதகரையும் ஏற்றிக்கொண்டு நேராக வந்தார்.

பிளாட்பாரத்தின் அந்த முனையில் திரும்பியபோது அவர்களைப் பார்த்தேன். அவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்ததும், அவள் போய்விட்டாள், சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கால் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு அது நின்றது அப்போதுதான்.

ஷிப்ட் பாஸ் மூச்சுவாங்க வந்து முதலில் கேட்டது என் நலத்தை அல்ல.

"டோக்கன் கீதா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் போனை எடுத்து, ஆள் இருக்கிறான், எல்லோரும் திரும்புங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தலைவியம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை என் காலடியில் வைத்தார். அதற்குள் என் செருப்பு. அவ்வளவு பெரிய மனுஷி என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் வந்திருக்கிறார். பிறகு மகள் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னார்.

நாக்கு கிளம்பும் என்று காத்திருந்தேன். கிளம்பவில்லை. எனக்கு ஜெபிக்க வரவில்லை, உள்ளே உட்கார்ந்தால் அவள் செத்துப்போகிற மாதிரியே வருகிறது, அதனால்தான் எழுந்து வந்துவிட்டேன் என்று சொன்னேன். சின்னப்பிள்ளை வாத்தியாரிடம் சொல்கிற மாதிரிதான் வந்தது.

தலைவியம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டினார்.

"குடு தம்பி. உன் ஷிப்ட் முடிஞ்சி எவ்ளோ நேரமாச்சி. நாந்தான் ரிலீவர்."

வாங்கிக்கொண்டு, அந்தச் சிமெண்ட் பெஞ்சிலேயே, ஆடுகள் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணை மூடி ஆரம்பித்தார். அந்தக் கணீர் குரலை நான் அவ்வளவு தாழ்ந்து கேட்டதில்லை. கோயிலுக்குத் திரும்பிப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. தேடப் போனவர்கள் ஒவ்வொருவராக ஸ்டேஷனுக்கே வந்துசேர்ந்தார்கள். டோக்கன் கை மாறியது. போதகருடைய முறை வந்தபோது அவர் டோக்கனை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, ஆண்டவரே, இவங்க உம்மைத் தேடுறதைவிட ஒருத்தரை ஒருத்தர் தேடுறதுல கெட்டிக்காரங்க, அதை நீர் ஏத்துக்கும் என்று மட்டும் சொல்லி முடித்தார். அவர் செய்ததிலேயே சின்ன ஜெபம் அதுதான். எனக்கு ஒரு தண்ணிகூட தேவைப்படவில்லை.

நான் உட்கார்ந்திருந்தேன். இதை நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். இந்தப் பக்கம் ஆட்டோக்காரரின் தோள், அந்தப் பக்கம் ஷிப்ட் பாஸின் தோள். எழுந்திருக்க இடமும் இல்லை. எதிரே வந்து உட்கார்ந்திருந்த பயம் எங்கேயும் போய்விடவில்லை. அதுவும் பிளாட்பாரத்துக்கு வந்திருந்தது. ஆனால் இப்போது அதன் எதிரில் நான் மட்டும் தனியாக இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அது போதுமானதாக இருந்தது. ஷிப்ட் பாஸ் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார்:

"கீழ போனவங்க எல்லாரையும் நம்மால மேல கொண்டாற முடியாது, நைனா. அது நம்ம கையில இல்ல. ஆனா நம்ம ஆண்டவரு கீழ போய்ட்டு மேல வந்தவரு. அவருக்கு வழி தெரியும்."

எத்தனை ஈஸ்டர் பிரசங்கத்துக்கு நான் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன் என்று கணக்கில்லை. இதை உட்கார்ந்து கேட்டேன்.

வெயில் சாயும்போது, தலைவியம்மா கொண்டுவந்திருந்த என் போனில் மகள் கூப்பிட்டாள். முடிந்துவிட்டது, அம்மா கண் திறந்துவிட்டாள், எடுக்கவேண்டியதை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டிதான். மருந்து ஏற்றவேண்டும், நாளாகும், அதற்குப் பிறகுதான் எதையும் சொல்லமுடியும் என்று டாக்டர் சொன்னாராம். பிறகு போனை அம்மாவின் காதில் வைத்தாள். மயக்கம் தெளிந்தும் தெளியாத குரல்.

"இன்னாங்க... எங்கனா ஓடிட்டீங்களா?"

இல்லை, கோயிலில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். தலைவியம்மா என்னைப் பார்த்தார். ஏற்கெனவே ஒரு பொய் கணக்கில் இருக்கிறது, இன்னொன்று வேண்டாம். ஸ்டேஷனில் இருக்கிறேன், எல்லோரும் இருக்கிறோம் என்றேன். மறுமுனையில் ஒரு சின்னச் சத்தம். தையல் வலிக்கும், சிரிக்காதே என்று மகள் அவளை அதட்டுவது கேட்டது.

அவள் வீட்டுக்கு வந்து, மெதுவாக நடந்து கோயிலுக்கும் வந்த முதல் ஞாயிறன்று, ஷிப்ட் பாஸ் டோக்கனை அவள் கையில் கொடுத்து, நீயே ஆணியில் மாட்டும்மா என்றார். சபை முழுவதும் அந்தச் சின்ன அறை வாசலில் நின்றது. கைதட்டக்கூடச் சிலர் தயாராக இருந்தார்கள். அவள் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள்.

"நான் இன்னும் மேல வர்லீங்கய்யா," என்றாள். கைப்பையைத் திறந்து, உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்தாள்.

ஷிப்ட் பாஸ் தலையசைத்தார். அது சரியான முறைதான் என்பதுபோல.

அன்றிலிருந்து ஆணி காலி. கோயிலுக்குள் நுழைகிறவர்கள் ஒரு பார்வை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். நடுவில் வேறொரு வீட்டுக்காகச் சங்கிலி ஜெபம் வைக்கவேண்டி வந்தபோது, ஸ்டேஷன் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் கொடுக்கிற சிவப்பு பிளாஸ்டிக் டோக்கனை வைத்துச் சமாளித்தார்கள். அதை எடுத்துவந்தது போதகர். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இப்போது எங்கள் ஊர்க்காரர். மருந்து ஏற்ற நாங்கள் பெங்களூர் போகிற நாளெல்லாம் சபையிலிருந்து ஒருவர் கூட வருகிறார். அதற்கும் ஷிப்ட் பாஸ் ஷிப்ட் போட்டிருக்கிறார். இன்றைக்கு தலைவியம்மா. வருகிற வழியெல்லாம் ரயிலில் ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்து, பெட்டியில் இருந்த பாதிப்பேரைப் பாடவைத்துவிட்டார். மீதிப்பேர் தூங்குகிற மாதிரி நடித்தார்கள்.

என் மனைவிக்கு முடி கொட்டிவிட்டது. கை நரம்பு கறுத்துவிட்டது. சில நாள் எதுவும் இறங்குவதில்லை, அந்த நாட்களில் பேசுவதும் இல்லை. நல்ல செய்தி வரும் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் ஊசி அறைக்குள் போகும்முன் கைப்பையிலிருந்து டோக்கனை எடுத்து என் கையில் வைக்கிறாள்.

"புடிங்க. எங்கியும் போயிடாதீங்க."

இதை அந்த அறைக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் இருந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் தலைவியம்மா உட்கார்ந்தபடியே தூங்குகிறார், ஒரு கை மட்டும் என் சட்டைமேல் இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால், கேட்டுக்கு எதிரே, ஒரு டீக்கடை தெரிகிறது. பையில் டோக்கன் இருக்கிறது. பழைய செக்யூரிட்டிக்காரர்தான்; இதோடு இரண்டு தடவை என்னைப் பார்த்துவிட்டார். உட்கார்ந்துதான் இருக்கிறேன். கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.